படத்தின் அடியில் ஒரு பெயர்: ஸ்டாஃபா கடற்குகையின் தொடக்ககால நிழற்படங்களும் ஒரு மொழிபெயர்ப்புச் சிக்கலும்

நிழற்படத்திற்கு மொழிபெயர்ப்புத் தேவையில்லை என்பது பொதுவாக நிலவும் எண்ணம். கலை வரலாற்று நூல் ஒன்றைத் தமிழாக்கம் செய்வோர் உரைப்பகுதியில் செலுத்தும் கவனத்தைப் படத்தின் அடியில் அச்சாகியிருக்கும் நான்கைந்து சொற்களில் செலுத்துவதில்லை. இடப்பெயர்தானே என்று ஒலிபெயர்த்துவிட்டு அடுத்த பக்கத்திற்குச் சென்றுவிடுகின்றனர். ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலில் உள்ள ஸ்டாஃபா என்னும் சிறு தீவின் கடற்குகையை 19ஆம் நூற்றாண்டின் நிழற்படக் கலைஞர்கள் பலமுறை படமெடுத்துள்ளனர். அப்படங்களைப் பற்றி எழுதப் புகும் எவரும் மேற்கண்ட பழக்கத்தைச் சற்றே கைவிட வேண்டியவராகின்றனர். அவற்றின் அடியில் காணப்படும் 'ஃபிங்கல் குகை' என்ற பெயரே ஒரு மொழிபெயர்ப்பாளரால், அதுவும் பெரும் ஐயத்திற்கு உள்ளான ஒரு மொழிபெயர்ப்பாளரால், உலகெங்கும் பரவிய பெயராகும். அதே குகைக்கு அப்பகுதியின் கெய்லிக் மொழியில் வழங்கும் பெயரோ குகைக்குள் எழும் ஓசையைக் குறிப்பது. ஓசையை நிழற்படத் தகடு ஏற்பதில்லை. இவ்விரு செய்திகளையும் ஒருங்கே வைத்து நோக்குவது இக்கட்டுரையின் நோக்கம்.

தீவும் குகையும்

ஸ்டாஃபா, மல் என்னும் பெரிய தீவுக்கு மேற்கே உள்ளது. நீளம் ஏறத்தாழ 1 கிலோமீட்டர். அகலம் அதில் பாதி. சுமார் 6 கோடி ஆண்டுகளுக்கு முன் வழிந்த எரிமலைக் குழம்பு குளிர்ந்து இறுகியபோது சுருங்கிப் பிளந்தது. பிளவுகள் ஒன்றையொன்று ஏறத்தாழ 120 பாகைக் கோணத்தில் சந்தித்து உள்நோக்கி வளர்ந்தமையால் பாறை நெடிய தூண்களாகப் பிரிந்தது. தூண்களிற் பெரும்பாலானவை அறுகோண வடிவின. ஐந்து, ஏழு பக்கங்கள் உடையனவும் உண்டு. அயர்லாந்தின் வடகடற்கரையில் உள்ள புகழ்பெற்ற கல்தூண் பாதையும் இதே எரிமலைக் காலத்தைச் சார்ந்ததே. தீவின் தென்கோடியில் கடல் இத்தூண்களை அரித்துக் குடைந்த குகை 70 முதல் 80 மீட்டர் வரை உட்செல்கின்றது. அதன் தரை கடல்நீரே. வளைந்த கூரையின் கீழ் அலை புகுந்து திரும்பும்போது எழும் முழக்கம் குகை முழுதும் எதிரொலிக்கும்.

தீவின் பெயரான ஸ்டாஃபா கெய்லிக் சொல்லன்று. 'கழித் தீவு', 'தூண் தீவு' எனப் பொருள்படும் பழைய நார்ஸ் மொழிச் சொல்லிலிருந்து வந்தது. கடலில் தொலைவிலிருந்து நோக்கிய நார்வே மாலுமிகள் கண்ணுக்குப் பட்டதைப் பெயராக்கினர். அருகில் வாழ்ந்த கெய்லிக் மக்கள் காதில் விழுந்ததைப் பெயராக்கினர் எனலாம்.

பெயர் மாறிய வகை

1772ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் ஐஸ்லாந்துக்குச் செல்லும் வழியில் இயற்கையியலார் ஜோசப் பேங்க்ஸ் ஸ்டாஃபாவில் இறங்கினார். அவருடைய குறிப்பு, தாமஸ் பென்னன்ட் எழுதி 1774இல் வெளிவந்த ஸ்காட்லாந்துப் பயண நூலில் இடம்பெற்றது. உடன்வந்த ஓவியர்கள் வரைந்தவை செப்புத் தகட்டுப் படங்களாக அதனுடன் அச்சாயின. குகையின் நீளம் 371 அடிக்கு மேல் என்று பேங்க்ஸ் அளந்தார். பிற்கால அளவீடுகள் இதைவிட மிகவும் குறைவு. அச்சில் வந்த படங்களிலும் தூண்கள் கட்டடக் கலைஞர் நூல் பிடித்து நிறுத்தியவைபோல் ஒழுங்குற நிற்கின்றன.

நமக்கு வேண்டியது அவர் பெயரைக் கேட்டறிந்த பகுதி. வழிகாட்டியிடம் குகையின் பெயர் யாது என வினவியபோது 'ஃபியூன்' என்பவனின் குகை என்று விடை கிடைத்தது. ஃபியூன் யார் என்ற மறு வினாவுக்கு, கெய்லிக் வீரகாதைகளின் தலைவனாகிய ஃபியூன் மக் கூல் என்றனர். ஆசியனின் பாடல்களை மொழிபெயர்த்தவர் 'ஃபிங்கல்' என்று அழைப்பது இவனைத்தான் என்பதையும் பேங்க்ஸ் அவ்விடத்திலேயே சேர்த்துக்கொள்கின்றார். குறிப்பிடப்படும் மொழிபெயர்ப்பாளர் ஜேம்ஸ் மெக்பெர்சன். 1760 முதல் 1763 வரை அவர் வெளியிட்ட நூல்கள், ஆசியன் என்னும் பழங்காலக் கெய்லிக் புலவனின் பாடல்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு என்ற பெயரில் ஐரோப்பாவையே ஆட்கொண்டன. மூலச்சுவடி எங்கே என்று சாமுவேல் ஜான்சன் முதலியோர் கேட்டபோது மெக்பெர்சனால் மனநிறைவு தரும் விடை அளிக்க இயலவில்லை. வாய்மொழிப் பாடல்களின் கூறுகள் அவற்றில் உண்டு என்பதும், பெரும்பகுதி அவரே இயற்றியது என்பதும் பின்வந்த ஆய்வாளர் பலரும் ஏற்கும் முடிவுகள். ஆக, கெய்லிக் மரபில் ஃபியூன் என வழங்கிய வீரன் இந்நூல்களின் செல்வாக்கால் ஃபிங்கல் ஆனான். அவன் பெயரால் குகையும் ஃபிங்கல் குகை ஆயிற்று.

பேங்க்ஸுக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1784இல், பிரெஞ்சு நிலவியல் அறிஞர் ஃபோஜா த சேன்ஃபோன் அங்கே வந்தார். 1797இல் வெளியிட்ட தம் பயண நூலில் அவர் ஒரு திருத்தம் கூறுகின்றார். குகையின் உண்மையான கெய்லிக் பெயர் 'இன்னோசை உடைய குகை' என்பதாகும். ஓரெழுத்து வேறுபாட்டால் அது வீரனின் பெயராக மயங்கியது என்பது அவர் கருத்து. இதனை மொழியியல் நோக்கில் சற்று விரிவாகக் காண்பது தகும்.

கெய்லிக்கில் குகையைக் குறிக்கும் சொல் 'ஊஅவ்'. அது பெண்பாற் பெயர். இனிய ஓசையுடைய என்னும் பொருள் தரும் அடை 'பீன்'. அதன் முதல் மெய் ஒலிப்புடைய இதழொலி. பெண்பாற் பெயரை அடுத்து வரும் அடையின் முதல் மெய் நெகிழும் என்பது அம்மொழியின் விதி. எனவே 'பீன்' என்பது 'வீன்' ஆகின்றது: ஊஅவ் வீன். இனி வீரனின் பெயரை எடுத்துக்கொள்வோம். எழுவாயில் ஃபியூன், உடைமைப் பொருளில் உயிர் மாறுவதோடு முதல் மெய்யும் நெகிழ்கின்றது. ஆனால் ஃபகர ஒலி நெகிழ்ந்தால் எஞ்சுவது ஒன்றுமில்லை. அது எழுத்தில் நிற்கும், ஒலிப்பில் மறையும். எனவே 'ஃபியூனின் குகை' என்பது ஊஅவ் ஈன். தனித்தனியே பிரித்துச் சொன்னால் வேறுபாடு தெளிவு. இயல்பான பேச்சில் முன்சொல்லின் இறுதி வகரம் அடுத்த உயிரோடு சேரும்போது ஒன்று ஊஅவ்வீன், மற்றது ஊஅவீன். வகரம் ஒன்றா இரண்டா என்பதே இரு பெயர்களுக்கும் இடையே நிற்கும் எல்லை. புணர்ச்சி இலக்கணம் பயின்ற தமிழ் மாணவர்க்கு இது வியப்பளிக்காது. சொல்லெல்லை மறையும் இடத்தில் ஒற்று மிகுந்ததா, உடம்படுமெய் தோன்றியதா என்று தடுமாறுவது நமக்கும் பழக்கமானதே.

ஆயினும் பேங்க்ஸ் தவறாகக் கேட்டார் என்று முடிவுகட்டிவிடுவது எளிது, ஆனால் சரியன்று. வழிகாட்டி ஃபியூன் யார் என்று விளக்கியும் இருக்கின்றார். ஸ்காட்லாந்து மலைநாட்டில் ஃபியூனின் பெயர் தாங்கிய இடங்கள் பல. இரு பெயர்களும் அம்மக்களிடையே அருகருகே வழங்கியிருக்கலாம். ஒன்றன் ஒலி மற்றொன்றைத் தூண்டியும் இருக்கலாம். உறுதியாகச் சொல்லத்தக்கது ஒன்று உண்டு. 'ஃபிங்கல்' என்ற வடிவம் வழிகாட்டியின் வாயிலிருந்து வந்ததன்று. நூல் படித்துவிட்டு வந்தவரின் நினைவிலிருந்து வந்தது.

அதன் பின்னர்ப் பெயர் நிலைபெற்றுவிட்டது. ஜெர்மானிய இசையமைப்பாளர் மெண்டல்சன் 1829 ஆகஸ்ட் 7ஆம் நாள் கடிதத்தில் எழுதியனுப்பிய தொடக்க இசை, பின்னர் அவருடைய 'ஹெப்ரைட்ஸ்' முன்னிசையாக வளர்ந்தது. அது 'ஃபிங்கல் குகை' என்ற பெயராலும் அறியப்படுகின்றது. அவர் ஸ்டாஃபாவுக்குச் சென்றதோ மறுநாள்தான். அன்று படகில் கடல்நோயால் பெரிதும் வருந்தினார் என்று உடன் சென்ற நண்பர் எழுதியுள்ளார். 1832இல் காட்சிக்கு வைக்கப்பட்ட டர்னரின் ஓவியத்தில் நீராவிக் கப்பலின் புகையும் புயல் வானுமே மேலோங்கி நிற்கின்றன. பெயருக்குரிய குகையைத் தேடித்தான் காண வேண்டும். குகையைக் காட்டாத படைப்புகளும் குகையின் பெயரைச் சுமந்தன.

கண்ணாடித் தகடும் கடலும்

நிழற்படக் கலைஞர்கள் ஸ்டாஃபாவுக்கு வந்தபோது பெயர் ஏற்கெனவே முடிவாகிவிட்டிருந்தது. அவர்களுள் முதன்மையாகக் கருதத்தக்கவர் அபர்தீன் நகரைச் சேர்ந்த ஜார்ஜ் வாஷிங்டன் வில்சன் (1823-1893). நுண்ணுருவ ஓவியராகத் தொழில் தொடங்கியவர். 1850களில் நிழற்படத்துறைக்கு மாறி, விக்டோரியா அரசியின் பால்மோரல் இல்லத்தில் படமெடுக்கும் வாய்ப்பைப் பெற்றார். ஸ்காட்லாந்தின் காட்சிப் படங்களை எடுத்து விற்பதில் அவருடைய நிறுவனம் பிரிட்டனிலேயே பெரியவற்றுள் ஒன்றாக வளர்ந்தது. அதன் கண்ணாடித் தகடுகள் பல்லாயிரக்கணக்கில் அபர்தீன் பல்கலைக்கழகத்தில் காக்கப்பட்டு வருகின்றன.

அக்காலத்தில் வழக்கிலிருந்தது 1851இல் ஃபிரெடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் வெளியிட்ட ஈரக் கொலோடியன் முறை. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்னும் பசையை ஊற்றிப் பரப்பி, வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் முக்கி, ஈரம் உலர்வதற்குள் படமெடுத்து, உடனே உருத்துலக்கி முடிக்க வேண்டும். இவை அனைத்துக்கும் கிடைப்பது ஏறத்தாழ 10 முதல் 15 நிமிடம். ஆதலால் கலைஞர் தம் இருட்டறையை, கூடார வடிவிலேனும், உடன் கொண்டுசெல்ல வேண்டியிருந்தது. துறைமுகம் இல்லாத, அலை சற்று உயர்ந்தாலும் படகு அணைய இயலாத ஒரு பாறைத் தீவில் இது எத்தகைய உழைப்பு என்பதை எண்ணிப் பார்க்கலாம். தண்ணீரும் சுமந்து செல்ல வேண்டியதே. சுற்றிலும் கடல் இருப்பினும் அந்நீர் உதவாது. உப்பிலுள்ள குளோரைடு வெள்ளியோடு சேர்ந்து வெண்ணிற வீழ்படிவாகித் தகட்டைக் கெடுத்துவிடும்.

இத்தகடு எதைக் காணும், எதைக் காணாது என்பதும் கருதத்தக்கது. கொலோடியன் நீல ஒளிக்கே மிகுதியும் இசைவது; மஞ்சளும் சிவப்பும் அதற்கு இருளே. தூண்களின் விளிம்புகளுக்கிடையே மஞ்சள் நிறக் கசிவு படிந்து கோடிட்டதுபோல் காட்டுவதைப் பேங்க்ஸ் எழுத்தில் குறித்திருந்தார். இத்தகட்டில் மஞ்சள் கருமையாகவே பதியும். வானமோ மிகைஒளியால் வெறும் வெண்மையாகிவிடும். குகையின் உள்ளிருந்து வெளியே நோக்கி எடுக்கும் படத்தில் சிக்கல் இரட்டிப்பாகின்றது. உள்ளே உள்ள தூண்கள் பதியும் அளவுக்குத் தகட்டைத் திறந்து வைத்தால் வாயில் வழியே தெரியும் கடலும் அயோனாத் தீவும் ஒளியில் கரைந்துபோகும். வெளிக்காட்சிக்கு ஏற்ப அளவிட்டால் உள்ளே இருளே எஞ்சும்.

வில்சன் தம் காலத்தில் பெரும்புகழ் பெற்றது 'கணநேரப் படங்கள்' எனப்பட்டவற்றால். 1859இல் எடின்பரோவின் பிரின்சஸ் தெருவில் நடந்து செல்வோரை அசைவின் தடம் தெரியாமல் பதித்துக் காட்டினார். இரட்டைக்கண் படப்பெட்டியின் சிறிய தகடும் குறுகிய குவியத் தொலைவுடைய வில்லையும் இதற்கு உதவின. திறந்த வெளியில், நண்பகல் ஒளியில், கடலலையைக்கூட இவ்வாறு நிறுத்த முடிந்தது. குகைக்குள் அது இயலாது. அங்கே ஒளிபடு நேரம் நீண்டது. அந்நேரத்தில் வந்து மோதித் திரும்பிய அலைகள் அனைத்தும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்து, நீர் பால் வார்த்ததுபோலவோ பனி படிந்ததுபோலவோ அசைவற்றுத் தோன்றும். அக்காலப் படங்களைக் காண்போர் முதலில் உணர்வது குகையின் அமைதி. அந்த அமைதி தொழில்நுட்பத்தின் விளைவு. கெய்லிக் பெயருக்குக் காரணமான அந்த ஓசையை எழுப்பியது அலை. படத்தில் மறைந்திருப்பதும் அதே அலை.

எனினும் பேங்க்ஸின் ஓவியர்கள் நேராக்கியதை நிழற்படம் கோணலாகவே விட்டது. முறிந்த தூண்களின் அடிக்கட்டைகள், ஒரு பக்கம் சாய்ந்த வரிசை, மேலே ஒழுங்கின்றிக் குழம்பிக் கிடக்கும் பாறை என உள்ளது உள்ளவாறே வந்தது. கண்ணுக்குப் புலப்படும் அளவில் இப்படங்கள் முந்தைய எந்தச் சித்திரத்தையும்விட உண்மையானவை. அந்த உண்மையின் மதிப்பு அடியிலிருந்த பெயருக்கும் சேர்ந்து கிடைத்தது. வில்சனின் படங்களில் இடப்பெயரும் வரிசை எண்ணும் அவருடைய பெயரின் மூன்று முதலெழுத்துகளும் படப்பரப்பின் அடியிலேயே காணப்படும். அவை தனித் தாளில் ஒட்டிய குறிப்பாக இல்லாமல், தகட்டிலிருந்து படி எடுக்குந்தோறும் காட்சியோடு சேர்ந்தே அச்சாகும். முட்டை வெண்கரு பூசிய தாளில் எத்தனை படிகள் எடுத்தாலும் அத்தனையிலும் 'ஃபிங்கல் குகை' பாறையைப் போலவே ஐயமற்ற பொருளாயிற்று. அதே காலத்தில், 1872ஆம் ஆண்டு ஸ்காட்லாந்துக் கல்விச் சட்டம் கெய்லிக் மொழிக்குப் பள்ளியில் இடம் எதனையும் வகுக்கவில்லை என்பதையும் உடன் வைத்துக் காண வேண்டும். பெயரின் பொருள் அறிந்தோர் குறைந்துவந்த காலமும் படம் பெருகிய காலமும் ஒன்றே.

தமிழாக்கம் செய்வோர்க்குச் சில

இத்துறைக் கலைச்சொற்களில் தமிழில் இன்னும் ஒருமைப்பாடு இல்லை. நிழற்படம், புகைப்படம், ஒளிப்படம் மூன்றும் வழங்குகின்றன. ஒளிப்படமே கிரேக்க வேர்ச்சொல்லுக்கு நேரானது என்றும், நிழற்படம் பிழை என்றும் கூறுவோர் உளர். இது வரலாற்றோடு பொருந்தாத கண்டிப்பு. ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் தம் தொடக்கக் குறிப்புகளில் இக்கலைக்கு 'நிழல் எழுத்து' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லையே ஆண்டார். 1839இல் தம் கண்டுபிடிப்பை நிழலை நிலைநிறுத்தும் கலை என்றே அறிமுகம் செய்தார். ஒளியைக் குறிக்கும் சொல்லை நிலைபெறச் செய்ததில் ஜான் ஹெர்ஷலுக்குப் பெரும்பங்கு உண்டு. எனவே இக்கட்டுரை நிழற்படம் என்ற சொல்லைத் தயக்கமின்றி ஆள்கின்றது.

நெகட்டிவ் என்பதும் ஹெர்ஷல் வழங்கிய பெயரே. இதனை 'எதிர்மறை' எனத் தமிழாக்குவது நமக்குத் தொல்லை தரும். வினையின் மறுப்பைக் குறிக்கும் இலக்கணச் சொல்லாக அது நெடுங்காலம் நிலைபெற்றுவிட்டது. கலைஞர்களும் படநிலையத்தாரும் நெகட்டிவ் என்றே சொல்லிவந்தனர். அதையே எழுதுவதில் இழுக்கொன்றும் இல்லை. அதுபோன்றே வில்சனின் வணிகப் பட்டியல்களில் இருந்தவை 'காட்சி' என்ற பெயரால் விற்கப்பட்ட படங்கள். அவற்றை 'நிலக்காட்சிக் கலை' என்று உயர்த்தி மொழிபெயர்த்தால், பயணிகள் நினைவுக்கு வாங்கிச் சென்ற பண்டம் என்னும் தன்மை மறைந்துவிடும்.

குகை என்ற சொல்லும் சிந்தனைக்குரியது. முழை, அளை, விடர் எனத் தமிழில் பழஞ்சொற்கள் உள. புலி தங்கும் கல்லளை புறநானூற்றில் வருகின்றது. இச்சொற்கள் பெரும்பாலும் மலைசார்ந்த சூழலில் ஆளப்பட்டவை. அலை புகும் பாறைப் பிளவுக்கு இவற்றுள் ஒன்றைக் கொண்டுவருவது குறிஞ்சியை நெய்தலுக்கு இறக்குவதாகும். 'கடற்குகை' என்ற கூட்டுச்சொல் போதுமானது. ஆயினும் 'முழை' என்ற சொல்லை நான் சற்று ஏக்கத்தோடுதான் ஒதுக்குகின்றேன். முழக்கம், முழவு ஆகியவற்றோடு அதற்குச் சொற்பிறப்பு உறவு உண்டு என்று கூற வரவில்லை. எனினும் கேட்போர் காதில் அவை அருகருகே நிற்கின்றன.

இனிப் பெயர். படத்தின் அடியில் உள்ளதை 'ஃபிங்கல் குகை' என்றே தர வேண்டும் என்பது என் கருத்து. அது வில்சன் பதித்த எழுத்து. படத்தின் ஒரு பகுதி. அதனைக் கெய்லிக் பெயரால் மாற்றுவது நல்லெண்ணத்தோடு செய்யப்படினும் ஆவணத்தைத் திருத்துவதாகும். ஆனால் உரைப்பகுதியில் குகை முதன்முறை குறிப்பிடப்படும் இடத்தில் 'ஊஅவ் வீன்' என்ற பெயரும் அதன் பொருளும் வர வேண்டும். பொருளைத் தருவதில் 'இன்னிசைக் குகை' என்பதைவிட 'இன்னொலிக் குகை' ஏற்றது. கெய்லிக் அடைச்சொல் பாட்டுக்கும் கருவியிசைக்கும் குரலுக்கும் பொதுவாய் வருவது. தமிழில் 'இசை' என்றவுடன் பண்ணும் தாளமும் நினைவுக்கு வரும். மெண்டல்சன் வேறு வழியில் குகைக்குள் நுழைந்துவிடுவார். 'ஃபிங்கலின் இன்னிசைக் குகை' என இரண்டையும் இணைத்து எழுதுவது இவ்விரண்டினும் மோசமானது. ஒன்றோடொன்று போட்டியிட்ட இரு பெயர்களை அது ஒரே பெயராக்கிவிடும். எந்த வாசகனும் பின்னர் அவற்றைப் பிரித்தறிய இயலாது.

படம் குகையின் உள்ளிருந்து எடுக்கப்பட்டதாயின் ஒளிபடு நேரம் நீண்டது என்பதையும் குறிப்பில் ஒரு தொடராகச் சேர்க்கலாம். நீர் ஏன் அசைவற்றுக் கிடக்கின்றது என்று வாசகன் கேட்கும் கேள்விக்கு அத்தொடர் விடையளிக்கும். குகைக்குக் கெய்லிக்கில் ஏன் அப்பெயர் என்று உரையில் படித்துவிட்டுப் படத்துக்குத் திரும்பும் வாசகன் அக்கேள்வியைக் கட்டாயம் கேட்பான்.